நேராகப் பார்த்துவிட்டுப் போனவர்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்க இன்னும் மனசு வருகிறது, அதனால் கேட்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் கோபம் வந்தாலும் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடரலாம். அதனால்தான் இந்த ஏற்பாடு. வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் எழுதத் தோன்றியதா என்று குத்திக்காட்ட வேண்டாம். நீங்களும்தான் எழுதவில்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. தங்கை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு ஒத்துவராது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், மனிதர்களின் கண் எப்படித் தேடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிற அறை ஒன்று இருக்கிறது. மறதி நோய் வந்தவர்களையும் ஒரு குறையும் இல்லாதவர்களையும் மாற்றி மாற்றி உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, இதில் இன்னது எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்வார்கள். தேடும்போது கண் எங்கெங்கே போகிறது என்று ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வருகிறவர்களை உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, "ஆடாதீங்க, அசையாதீங்க, தும்மல் வந்தா முன்னாடியே சொல்லிடுங்க" என்பது என் வேலை. பிறகு பக்கத்துத் திரையில் அவர்கள் கண் போகிற வழியை ஒரு பச்சைப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் ஏர்போர்ட்டில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஊரான் பெட்டிக்குள் பார்க்கிறீர்கள். நான் ஊரான் கண்ணைப் பார்க்கிறேன். பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள் நம்மை.

முதல் நாள் இந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா என்னையே உட்காரவைத்து, என் கண் போன வழியை எனக்குக் காட்டினார். நான் எதையும் நிதானமாகப் பார்க்கிறவள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளி போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வெட்டுக்கிளி தோற்றது. ஓரிடத்தில் ஒட்டுவதில்லை, தாவித் தாவி ஓடுகிறது.

"கைய நீட்டி உங்க கட்டைவிரல் நகத்தைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. பார்த்தேன்.

"அந்த நகத்தளவுதான் உங்களுக்குத் தெளிவாத் தெரியும். சுத்தி இருக்கிறதெல்லாம் மங்கல்தான். கண்ணு தாவுற நேரத்துல அதுவும் தெரியாது. துண்டு துண்டா வர்றதைச் சேர்த்து, 'இதோ, முழு உலகம்'னு மூளைதான் உங்களுக்குக் காட்டுது."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கையை நீட்டி நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் சத்தமில்லாமல் நகர்ந்து உட்கார்ந்தாள். நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். இத்தனை சின்ன ஓட்டை வழியாகவா இந்த வீடு, தெரு, வானம் எல்லாம் உள்ளே வருகிறது என்று இருக்கும்.

ஒரு உதவி. என் தையல் டப்பாவை விட்டுவிட்டு வந்துவிட்டேன். படுக்கையறை அலமாரியில் இரண்டாவது தட்டு. நீல நிறம், வட்டமான தகர டப்பா. பார்சலில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ராஜினாமா செய்த மேனேஜர்

&nbsp;

ஜனவரி 20

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

உன் ராஜினாமா இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கோப்பு என் மேஜையில்தான் தூங்குகிறது.

கட்டைவிரலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அந்தக் கணக்கு உன் பேரில் எழுதப்படும். ஆனால் நீ சொன்னது நிஜம்தான். விரலைச் சுற்றி எல்லாம் கலங்கிப்போய் இருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கலங்கியிருந்தது.

உன் டப்பா இங்கே இல்லை. இரண்டாவது தட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியாயிற்று. நீயே எடுத்துப்போயிருப்பாய், உன் தங்கை எங்கேயாவது பத்திரப்படுத்தியிருப்பாள். அவள் பத்திரப்படுத்திய எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை. உன் மனசு நோகக் கூடாது என்று, கையில் கிடைத்த ஒரு வட்ட டப்பாவை அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஏதோ உருள்கிறது. ஊசியாக இருந்தால் என் அதிர்ஷ்டம்.

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். நாங்கள் தூங்குகிறோமா முழித்திருக்கிறோமா என்று பார்க்க, கம்ப்யூட்டரே சில சமயம் பயணிகளின் பெட்டிப் படத்துக்குள் ஒரு பொய்க் கத்தியையோ துப்பாக்கியையோ சொருகிவிடும். சோதனைப் படம் என்போம். கண்டுபிடித்தால் திரையில் ஒரு பாராட்டு வரும். கோட்டைவிட்டால் சிவப்பு எழுத்தில் வந்து மானத்தை வாங்கும். புதுத் திரை வந்ததிலிருந்து எனக்குச் சிவப்பு எழுத்து கொஞ்சம் அதிகம். அந்தத் திரையில் நிறம் சரியில்லை. எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் 'மீசை'யை உனக்குத் தெரியுமே, அவன் தோளில் கைபோட்டு, "என்ன சார், மேடம் இல்லாம ராத்திரி தூக்கம் வரலையா?" என்று கேட்டான். "இருந்தாத்தான்யா தூக்கம் வராது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆமை ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நமக்குக் கல்யாணமான புதுசு. ஒரு பெட்டி போய்க்கொண்டிருக்கிறது, துணிமணி, செருப்பு, சோப்பு. நான் எதையும் தேடவே இல்லை. என் கை தானாகப் போய், பெட்டி ஓடுகிற பெல்ட்டை நிறுத்திவிட்டது. ஏன் நிறுத்தினேன் என்று அப்புறம்தான் பார்க்கிறேன். சாக்ஸுக்குள் சுருட்டிவைத்த ஆமை, உயிரோடு! என்னைவிட முன்னால் எனக்குள் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தக் கை இப்போதெல்லாம் தானாக நிறுத்துவதில்லை.

திரையைத்தான் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
மேனேஜர் இல்லாத ஆபீஸ்

&nbsp;

பிப்ரவரி 2

வீட்டுக்காரருக்கு,

பார்சல் வந்தது. நான் கேட்டது நீல டப்பா. நீங்கள் அனுப்பியது சிவப்பு டப்பா. உள்ளே காய்ந்துபோன ஷூ பாலிஷும் நாலு ஆணியும். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் சாவி இருக்கிறது அல்லவா? போய்ப் பார்க்கச் சொன்னேன். அலமாரியைத் திறந்துகொண்டே போன் செய்தாள். "அக்கா, கதவைத் திறந்ததும் எடுத்த எடுப்புல அதுதான் தெரியுது. ரெண்டாவது தட்டு, முன் வரிசை. எடுத்து அனுப்பட்டுமா?" என்றாள். வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அனுப்ப வேண்டியவர் அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டேன்.

புரட்டிப் போட்டுத் தேடினீர்களாம். யாரிடம் கதை விடுகிறீர்கள்? ஊரான் பெட்டிக்குள் சாக்ஸுக்குள் இருக்கிற ஆமை தெரிகிறது. சொந்த வீட்டு அலமாரியில் கண்ணெதிரே இருக்கிற டப்பா தெரியவில்லை. என் பொருள் என்றால் அவ்வளவு இளக்காரம். நான் முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து வாரம் ஒன்று ஆனபிறகும் உங்களுக்குத் தெரியவில்லை. என் கை வெந்து கட்டுப் போட்டிருந்தபோது, அந்தக் கையாலேயே டீ வாங்கிக் குடித்தீர்கள். அதையெல்லாம்கூட விட்டேன். கடைசியில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் சமையலறைப் பக்கம் திரும்பி, "எங்க போயிட்ட? உப்பு கொண்டா" என்று கூப்பிடுகிறீர்கள். எதிரே இருப்பவளை இல்லாதவளாக ஆக்கிக் கிண்டல் செய்கிற மனுஷனோடு எப்படிக் குடித்தனம் செய்வது? மறுநாள் பெட்டி கட்டினேன்.

இதுவரை வாயைத் திறக்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். நான் கிளம்பின அன்று நீங்கள் ரயில் நிலையத்துக்கு வந்தீர்கள். டீக்கடை ஓரத்து பெஞ்சில் நான் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். உங்களைக் கண்டதும், வந்துவிட்டார், கூப்பிடுவார், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு அவரோடு வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனீர்கள். திரும்பி வந்து மறுபடி பார்த்தீர்கள். மறுபடி போனீர்கள். போகிறவளை நல்லா பார்த்துக்கொள்ளத்தான் வந்தீர்களா? அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

இங்கே தினமும் ஒரு தம்பதி வருகிறார்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது. அவர் கணவர் ஒரு குறையும் இல்லாதவர்களின் பட்டியலில். எங்கள் படங்களில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர் மனைவிக்குக் கண்ஜாடையில் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறார். நான்தான் அவரைப் பிடித்து வெளியே உட்காரவைக்கிறேன். அப்படியும் சில புருஷர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

டப்பா வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணில் படாதவள்

&nbsp;

பிப்ரவரி 11

அன்புள்ள உனக்கு,

நீ அங்கே இருந்தாயா?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறேன். டீக்கடை ஓரத்து பெஞ்சிலா? அந்த பெஞ்சைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீ இல்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடிவிட்டு, முந்தின ரயிலுக்கே போய்விட்டாய் என்று முடிவு செய்தேன். நான் வருவேன் என்று தெரிந்துதான் முன்னாலேயே போனாய் என்று உன் மேல் எனக்கு அத்தனை கோபம். எட்டு மாதம் நான் எழுதாததற்கு வேறு காரணம் கிடையாது.

நீ பிளாஸ்கை மறந்துவிட்டுப் போயிருந்தாய். டீ போட்டு, சர்க்கரை குறைச்சலாக, உனக்குப் பிடித்தபடி கொண்டுவந்திருந்தேன். "போகாத" என்று சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். டீயைக் கொடுத்தால் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். கடைசியில் அங்கேயே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு முழுசையும் நானே குடித்தேன்.

உன்னைப் பார்த்துவிட்டுப் போனேன் என்று சொல்லாதே. எதை வேண்டுமானாலும் சொல், ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லாதே.

நான்

&nbsp;

பிப்ரவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பொய் என்று நினைத்தேன். மனசறிந்து சொல்கிறேன், பொய் என்றுதான் நினைத்தேன். டீயைப் பற்றிச் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சர்க்கரை குறைச்சலாக என்று பொய்யில் யாரும் எழுத மாட்டார்கள். கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் பதறாமல் படியுங்கள்.

தலைமை ஆசிரியை அம்மாவின் முறை. திரை நிறைய நீலச் சதுரங்கள், சிவப்பு வட்டங்கள். நடுவில் எங்கேயோ ஒரே ஒரு நீல வட்டம். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் அவர் கணவர் உட்கார்ந்து, அங்கே இங்கே தாவிவிட்டுச் சட்டென்று பிடித்துவிட்டார். இந்த அம்மா தேட ஆரம்பித்தார். நான் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது போகிறது, தாவுகிறது, நேரே அந்த நீல வட்டத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அப்பாடா என்றேன். புள்ளி அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டது. சுற்றிவிட்டு வந்தது. மறுபடி அதே நீல வட்டத்தில் உட்கார்ந்தது. மறுபடி போய்விட்டது. கடைசியில் அந்த அம்மா தாடையை எடுத்துவிட்டு, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற தோரணையில் சொன்னார்: "இதுல நீல வட்டமே இல்ல. கேள்வியே தப்பு. யார் இந்தப் பேப்பர் செட் பண்ணினது?"

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கிண்டல் செய்யவில்லை. நேராகப் பார்த்தார், என் கண்ணெதிரே பார்த்தார், அவருக்கு அது இல்லவே இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கண்ணு சரியாத்தான் போய்ச் சேருது. கவனம் கூடப் போய்ச் சேரணும் இல்லையா? நீலமா, வட்டமா, ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சு முடிச்சுப் போடறது கவனத்தோட வேலை. சுத்தி நெரிசலா இருந்தா அவங்களால அந்த முடிச்சைப் போட முடியல. நம்ம எல்லாருக்கும் அது எவ்வளவு பெரிய வேலைன்னு நமக்கே தெரியாது" என்றார். பிறகு வேறு படம் வைத்தார். எல்லாம் சிவப்பு, ஒன்றே ஒன்று நீலம். அந்த அம்மாவின் புள்ளி ஒரே தாவு! அவர் கணவரின் வேகத்துக்கு ஒரு மயிரிழை குறையவில்லை. "இதைத் தேடவே வேண்டாம். அதுவாவே வந்து கூப்பிடும். அது அவங்களுக்கு அநேகமா அப்படியே இருக்கு" என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா வெற்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, கேள்வி சரியா இருந்தா பதில் வரும்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கும்பிடவும் தோன்றியது. ஒரே தலைக்குள் ஒரு கதவு சாத்தியிருக்கிறது, பக்கத்துக் கதவு அகலத் திறந்திருக்கிறது. எப்படிப்பட்ட வீடு இது?

வீட்டுக்கு வந்து நம் அலமாரியை மனசில் திறந்து பார்த்தேன். இரண்டாவது தட்டில் என் டப்பாவைச் சுற்றி என்ன இருக்கிறது? நீங்கள் காகிதங்கள் போட்டுவைக்கிற நீலப் பெட்டிகள், எல்லாம் சதுரம். நீங்கள் எனக்கு அனுப்பிய அந்தச் சிவப்பு வட்டம். எங்கள் ஆராய்ச்சிப் படத்தை நம் வீட்டு அலமாரியில் நானே அடுக்கிவைத்திருக்கிறேன்.

ரயில் நிலையத்தையும் நினைத்துப் பார்த்தேன். தெரிந்தவர்கள் யாரும் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அன்று சாம்பல் நிறத்தில் உடுத்திக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தேன். பழுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் என் பழுப்புப் பெட்டி. உங்கள் கண் என் மேல் வந்து உட்கார்ந்தது, அதை நான் பார்த்தேன். இரண்டு தடவை வந்தது. எங்கேயும் போகாமல் சுற்றிச் சுற்றி என்னிடமேதான் வந்திருக்கிறது. எட்டு மாதம் நான் வெறுத்த பார்வை அது. இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது. உப்புக்காக நீங்கள் சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டீர்களே, அந்த மேஜை எப்படிக் கிடந்தது! பாட்டில், தட்டு, பேப்பர், மருந்து, பழம், அத்தனைக்கும் பின்னால் நான்.

சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பெயர் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் விவரம் கேட்டேன். "சத்துக் குறைவா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், கண்ணே காரணமா இருக்கலாம், நீங்க பயப்படறதாவும் இருக்கலாம். பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்றார். வாருங்கள். அதுவரை அந்த எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்காராதீர்கள். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த விமானங்களில் ஏறுகிறவர்களுக்காகவும்தான்.

கோபித்துக்கொள்ளாமல் பதில் போடுங்கள்.

உங்கள்
மேனேஜர்

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

கோபம் வந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். ஒரு குடம் தேவைப்பட்டது. என்னையும் தாடையைப் பிடித்து உட்காரவைத்துப் புள்ளியாக்கப் பார்க்கிறாளே என்று இருந்தது. பிறகு பயம் வந்தது. பயம் உன் கடிதத்தால் வந்தது இல்லை. அது போன வருஷத்திலிருந்தே என்னோடு குடியிருக்கிறது, நான்தான் அதற்குத் திரை சரியில்லை என்று பெயர் வைத்திருந்தேன்.

மீசையிடம் போனேன். "என்னைத் திரையிலேர்ந்து எடுத்துடு" என்றேன்.

"என்ன சார், காலைலேயே ஜோக்கு?"

"ஜோக்கு இல்ல. நான் விடறதெல்லாம் சோதனைப் படம். அது கம்ப்யூட்டர் சொல்றதால தெரியுது. நிஜத்துல ஒண்ணை விட்டா யாரு சொல்லுவா?"

அவன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அவன் தடவிக்கொண்டு நின்றால் கண் கலங்குகிறான் என்று அர்த்தம், எனக்குத் தெரியும். "நீங்கதான சார் எனக்கு வேலை கத்துக்குடுத்தீங்க" என்றான். அன்றிலிருந்து, பயணிகள் சாமானைப் போட்டு அனுப்புகிற தட்டுகளை எடுத்து அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டான். தட்டு காலியாக வரும், நான் அடுக்குவேன். மோசமில்லை. இத்தனை வருஷம் பெட்டிகளின் வயிற்றைப் பார்த்தேன், இப்போது பெட்டிக்காரர்களின் முகத்தைப் பார்க்கிறேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எவ்வளவு பெரிய மனுஷனும் குழந்தை மாதிரிதான் இருக்கிறான்.

உன் டாக்டரம்மா சொன்னதை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் இருந்த அத்தனையையும் எடுத்துத் தரையில் வைத்தேன். வெறும் மேஜை. நடுவில் என் டீ கப்பை மட்டும் வைத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பினேன். அம்மாடி! அந்த கப் மேஜையிலிருந்து எழுந்து வந்து என் கண்ணில் மோதியது. அதன் காதில் ஒரு சின்ன உடைசல், விளிம்பில் பச்சைக் கோடு. எத்தனை வருஷமாக அதில் குடிக்கிறேன், அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ஒரு கப் இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நின்றுகொண்டே இருந்தேன். டீ ஆறிப்போயிற்று.

அந்தத் தெம்பில் அலமாரியையும் திறந்தேன். தேடவில்லை. இரண்டாவது தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பெட்டி, பெட்டி, பெட்டி. கடைசியில் தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. நீலம், வட்டம். மூடியில் நீ குத்திவைத்த ஊசிகூட அப்படியே இருந்தது. நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன் தங்கையிடம்.

வருகிறேன். பதினான்காம் தேதி காலை வண்டி. பல் டாக்டர் இங்கே ஏற்றிவிடுகிறாள். டப்பாவைக் கையோடு கொண்டு வருகிறேன். உன் ஊர் வந்து இறங்குவதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. உங்கள் ரயில் நிலையம் பெரிசு, கூட்டம் நெரியும். அலமாரியில் செய்த மாதிரி ஜனங்களை ஒவ்வொருத்தராகத் தூக்கிக் கட்டிலில் வைக்க முடியாதே. உன்னைப் பார்த்துவிட்டு மறுபடி தாண்டிப் போய்விட்டால்? எனக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. நான் தேடிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பேன்.

நீ எங்கே நிற்பாய், என்ன நிறத்தில் வருவாய், எழுது.

உன்னுடையவன்

&nbsp;

மார்ச் 7

என்னவருக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்ததும் கடைக்கு ஓடினேன். இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் ஒரு குடை வாங்கினேன். தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இதைப் புடிச்சுக்கிட்டு நின்னா ரயிலே நின்னுடும்" என்றாள். சாயங்காலம் ரயில் நிலையத்துக்கே போய் இடம் பார்த்தேன். டிக்கெட் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைச் சுவர், விளம்பரம் ஒன்றும் இல்லை, ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு தனியாக நிற்பதாக முடிவு செய்தேன். எல்லாம் சிவப்பு, ஒன்றே ஒன்று நீலம் என்கிற அந்தப் படம் மாதிரி. இரண்டு பக்கம் நுணுக்கமாக எழுதி, படமும் போட்டுக் கடிதத்தை ஒட்டினேன்.

ஒட்டினதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்று காலை தலைமை ஆசிரியை அம்மாவின் பரிசோதனை முடிந்து, அவர் கணவர் வெளியே காத்திருந்தார். வராந்தாவில் நல்ல கூட்டம். அந்த அம்மா கதவருகே நின்று தேடினார். பார்வை கணவர் மேல் பட்டுவிட்டுப் போயிற்று. நான் பக்கத்தில் நிற்கிறேன், எனக்குப் பச்சைப் புள்ளியே தேவைப்படவில்லை, தெரிந்துவிட்டது. கணவர் பாட்டுக்கு எழுந்து வந்தார். கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை, "இங்கதான் இருக்கேன், தெரியலையா" என்று கேட்கவில்லை. நேரே எதிரில் வந்து நின்று, மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை எப்படி எழுதுவேன்! "எங்க போயிட்டீங்க?" என்றார். "எங்கேயும் போகல" என்றார் அவர். இரண்டு பேரும் படியிறங்கிப் போகிறவரை நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இத்தனை வருஷமும் நீங்கள்தான் என்னைத் தேட வேண்டும், நீங்கள்தான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த பெஞ்சிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் உங்கள் கை எட்டியிருக்கும். எனக்குத்தான் கண் நன்றாக இருந்தது.

அதனால் இப்போது சொல்வதைக் கேளுங்கள். பதினான்காம் தேதி ரயில் நின்றதும் அவசரப்படாமல் கடைசி ஆளாக இறங்குங்கள். பெட்டியைக் கீழே வையுங்கள். இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள். தேட வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், நீல டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி. நான் வருகிறேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் உங்களைக் கண்டுபிடித்து, எதிரில் வந்து நிற்கிறேன். நேராகப் பார்த்தும் நான் தெரியாமல் போனால் அதற்கும் கவலைப்படாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்கிறேன். டாக்டரம்மா என்ன சொன்னாலும் அதற்கப்புறமும் இதே ஏற்பாடுதான். தேடுகிற வேலை இனி என்னுடையது.

மஞ்சள் குடை வீணாகாது, மழைக்கு ஆகும்.

உங்கள்
மேனேஜர்

பி.கு: பல் டாக்டரிடம் சொல்லி பிளாஸ்கில் டீ போட்டுக் கொண்டுவாருங்கள், சர்க்கரை குறைச்சலாக. வழியில் தனியாகக் குடித்துத் தீர்த்துவிட வேண்டாம். இந்தத் தடவை எனக்குப் பாதி.